அத்தைதான் அம்மா என்பதை வாசகர் ஐந்தாம் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுகிறார். என்ன செய்யலாம்?

பாதிநாவல் கேட்டது:

குடும்ப ரகசியத்தை வைத்து ஒரு உளவியல் சஸ்பென்ஸ் நாவல். 30 அத்தியாயம், சுமார் 60,000 சொற்கள், முதல் வரைவு முடிந்திருக்கிறது.

கும்பகோணம், 2018. பாத்திரக்கடை நடத்திய அப்பா திடீரென்று இறந்துபோகிறார். அம்மாவும் பாட்டியும் ஏற்கெனவே காலமாகிவிட்டார்கள். ஒரே மகள் மீனா, 1982-ல் பிறந்தவள். அதே வீட்டில் கல்யாணமே செய்துகொள்ளாத அத்தை, அப்பாவின் தங்கை. பக்கத்துத் தெருவில் சித்தப்பா. உண்மை என்னவென்றால் மீனா அத்தை பெற்ற பிள்ளை. அண்ணனும் அண்ணியும் தங்கள் குழந்தையாக வளர்த்தார்கள். மீனா இதைக் கண்டுபிடிப்பதுதான் கதை.

படித்துப் பார்த்த நாலைந்து பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஐந்தாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. 28-ல் அம்மாவின் டைரி கிடைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது ஏமாற்று. இரண்டு வயதில் கிணற்றடியில் அத்தை அழுததை மீனா நினைவுகூர்வது நம்பும்படி இல்லை. அத்தை ஏன் 36 வருடம் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் என் பதில், ஆனால் 2018-ல் அது போதவில்லை. எங்கிருந்து தொடங்கித் திருத்துவது?

---

மறைதுணை:

ஐந்தில் கண்டுபிடிப்பது தவறில்லை. கண்டுபிடித்த பிறகு படிக்க வேறொன்றும் இல்லாததுதான் தவறு. இந்த வகை நாவலை எடுக்கிற வாசகருக்கு முதல் பக்கத்திலேயே சந்தேகம் இருக்கும். கல்யாணம் ஆகாத அத்தை ஒருத்தி வீட்டில் இருந்தாலே கணக்குப் போட்டுவிடுவார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அத்தைதான் அம்மா என்பதை 11 அல்லது 12-ல் நீங்களே போட்டு உடைத்துவிடுங்கள். மீதி 18 அத்தியாயத்துக்கு வேறு கேள்வி வேண்டும். அது யாருக்குத் தெரியும், தெரிந்தவர் இப்போது என்ன செய்யப்போகிறார் என்பதாக இருக்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் உயிரோடும் இறந்தும் இருக்கிற எல்லாப் பாத்திரங்களும். கடைக் கணக்கப்பிள்ளை, பிரசவம் பார்த்தவள் உட்பட. ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம்: என்ன தெரியும், எப்போதிலிருந்து, தவறாக என்ன நம்புகிறார், வெளியே வந்தால் எதை இழப்பார். மூன்றாவது கட்டம்தான் பலருடைய வரைவில் காலியாகக் கிடக்கும். எல்லோருக்கும் முழு உண்மை தெரியும் அல்லது ஒன்றுமே தெரியாது என்று எழுதினால் கதை தட்டையாகிவிடும். சித்தப்பாவுக்குப் பாதிதான் தெரியட்டும். குழந்தை அண்ணியுடையது இல்லை என்று தெரியும், யாருடையது என்று தப்பாக ஊகித்து வைத்திருக்கிறார் என்றால் அவர் பேசும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அர்த்தம் கிடைக்கும். வாசகரும் அவர் பின்னால் தப்பான பாதையில் போவார்.

துப்பு வைக்கும் இடம் பற்றி. முக்கியமான துப்பைப் பத்தியின் கடைசி வரியில் வைக்காதீர்கள், கண் அங்கேதான் நிற்கும். ஐந்து பொருள் கொண்ட பட்டியலில் மூன்றாவதாகவோ, ஒரு சண்டை வெடிப்பதற்கு இரண்டு வரி முன்னாலோ வையுங்கள். பீரோவைத் திறக்கும் காட்சியில் பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், உடுமலைப்பேட்டை பஸ் டிக்கெட் சொருகிய சுலோகப் புத்தகம், ரேஷன் கார்டு, பழைய சாவிக்கொத்து என்று வந்து, உடனே சித்தப்பா வாசலில் நின்று சாவியைக் கேட்டால், பிரசவம் வெளியூரில் நடந்தது என்பதற்குத் துப்பான அந்த டிக்கெட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது அது அங்கே இருக்கும்.

டைரியைத் தூக்கிவிடுங்கள். ரகசியம் காக்க 36 வருடம் பாடுபட்ட குடும்பத்தில் ஒருத்தி அதைத் தேதி போட்டு எழுதிவைத்தாள் என்பதை யார் நம்புவார்?

---

பத்திரக்கட்டு:

மறைதுணை சொன்ன ‘எதை இழப்பார்’ கட்டத்துக்கு உங்கள் கதையில் சட்டமே நல்ல பதில் வைத்திருக்கிறது. நீங்கள்தான் பயன்படுத்தவில்லை.

அப்பா உயில் எழுதவில்லை, சொத்து அவர் சுயமாகச் சம்பாதித்தது என்று வைப்போம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். மனைவியும் தாயும் இல்லை. ஆக மீனா ஒருத்திக்கே முழுச் சொத்து. மீனா அவருடைய மகள் இல்லை என்றாகிவிட்டால் முதல் வகுப்பில் ஆளே இல்லை. இரண்டாம் வகுப்பில் உடன்பிறந்தவர்கள் வருவார்கள், சித்தப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. முறைப்படி தத்து எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் தத்துப் பத்திரம் போட்டால் பெற்றவள் பெயரை எழுத வேண்டும், அதனால்தான் போடவில்லை.

இப்போது அத்தையின் நிலையைப் பாருங்கள். ‘நான்தான் பெற்றேன்’ என்று சொன்ன நிமிடம் மகளின் வீட்டில் பாதியைச் சித்தப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்தவளாகிவிடுவாள். வாயை மூடிக்கொண்டால் மகளுக்கு எல்லாம் உண்டு, தாய் மட்டும் கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்பதைவிட இது 2018-ல் கனமான காரணம். அப்பா உயிரோடு இருந்தவரை இல்லாத நெருக்கடி அவர் இறந்த அன்று தொடங்குவதால் கதை ஏன் இப்போது ஆரம்பிக்கிறது என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆவணங்கள். வரைவில் பிறப்புச் சான்றிதழில் அத்தை பெயர் இருப்பதாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரி தகவல் தரும், பெற்றவள் பெயர் பதிவாகும். வீட்டில் பிறந்தால் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குடும்பத் தலைவர் தகவல் தரலாம். எனவே வீட்டுப் பிரசவம், தகவல் சொன்னவர் அப்பா, தாய் பெயர் இடத்தில் அண்ணி. சான்றிதழ் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒன்றை அவரால் மாற்ற முடியாது. பிறப்பை, பிறந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், குடியிருக்கும் ஊரில் அல்ல. ‘இந்தக் கூடத்தில்தான் பிறந்தாய்’ என்று சொல்லி வளர்த்த பெண்ணின் சான்றிதழில் உடுமலைப்பேட்டை பக்கத்துக் கிராமம் ஒன்று பிறந்த இடமாக இருக்கும். பெயர்கள் எல்லாம் சரி, ஊர் மட்டும் உதைக்கும். வாசகர் பெயரைத்தான் பார்ப்பார்.

பதிவு உரிய காலத்துக்குள் நடந்ததாக வையுங்கள். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு தேவைப்பட்டது. அது தனிக் கோப்பு, தனி விசாரணை. ரகசியம் காப்பவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். இன்னொன்று, அந்தக் கிராமத்தில் ‘மணியக்காரர் பதிந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் 1980-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டன.

இரண்டாவது துப்பு வில்லங்கச் சான்றில். சர்வே எண் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தாத்தாவின் பூர்வீக வீடு ஒன்று இருக்கட்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது, அதற்குமுன் கல்யாணமாகிப் போனவர்களுக்கு மட்டும் அப்போது கிடைக்கவில்லை. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே பங்கு உண்டு. 1990-ல் அவள் தன் பங்கை எந்தத் தொகையும் வாங்காமல் பெரிய அண்ணன் பெயருக்கு மட்டும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறாள். சின்ன அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. ஏன்? வில்லங்கத்தில் ஒரே ஒரு வரியாக வரும்: எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, ஆவண எண். சித்தப்பாவின் 28 வருடக் கோபமும் அந்த வரியிலிருந்தே கிளம்பலாம்.

வாரிசுச் சான்றிதழை வீணாக்காதீர்கள். தாசில்தார் கொடுப்பது, ஆனால் அதற்குமுன் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் ‘இவர்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்பது வெறும் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயக் கேள்விக்கு எதிர்வீட்டுப் பாட்டி உடனே பதில் சொல்லாமல் கொடியில் காயும் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ‘காயிதத்துல எத்தனை இருக்கோ அத்தனைதான் எழுதிக்குங்க’ என்றால் போதும், ஒரு அத்தியாயம் ஓடும்.

---

மங்கை ஆர்:

கிணற்றடி நினைவு பற்றி மட்டும்.

பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் மிகப் பழைய சம்பவங்கள் சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தவை. இரண்டு வயதுக் காட்சியை யார் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்று கோர்வையாகச் சொல்லும் பாத்திரத்தை விவரமறிந்த வாசகர் நம்பமாட்டார். ஒன்று வயதை ஐந்தாக்குங்கள். அல்லது, இது இன்னும் நல்லது, அந்த நினைவே பொய்யாக இருக்கட்டும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத கதையைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லி 24 பேரிடம் கேட்டார்கள். கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ தங்கள் நினைவாக ஏற்றுக்கொண்டார்கள். 2002-ல் இன்னொரு குழு, குழந்தைப் பருவத்தில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல் ஒட்டுவேலை செய்த புகைப்படத்தைக் காட்டியபோது 20 பேரில் பாதிப்பேர் அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தார்கள்.

உங்களுக்கு இதில் உபயோகம் என்ன? கிணற்றடிப் புகைப்படம் ஒன்றும், பாட்டி திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்றும் சேர்ந்து மீனாவின் ‘நினைவு’ ஆகியிருக்கிறது. அந்தக் காட்சியை மூன்று முறை எழுதுங்கள். முதல் முறை அத்தை அழுகிறாள், இரண்டாம் முறை பின்னால் அம்மா நிற்கிறாள், மூன்றாம் முறை குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்பதே மாறியிருக்கிறது. மீனா எங்கேயும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அப்போது தெரிந்ததை வைத்துப் பழையதைத் திருத்திக்கொள்கிறாள், அவ்வளவுதான். தலையில் அடிபட்டதும் மறந்ததெல்லாம் படம்போல் ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அத்தையின் நடத்தை. ரகசியம் வெளிவருமோ என்று பயப்படுபவர் கையிலிருந்து டம்ளர் விழுவதும் முகம் வெளுப்பதும் சினிமா. இத்தனை வருடம் பழகியவளுக்குப் பதற்றம் இருக்காது, கைவந்த வழக்கங்கள் இருக்கும். பேச்சு பிரசவம், பிறந்தநாள் பக்கம் திரும்புவதற்கு முன்பே எழுந்துபோய் அடுப்பைக் குறைப்பாள். மீனாவுக்குத் தலைவாரும்போது கண்ணாடிக்கு எதிரே உட்காரவைக்கமாட்டாள், இரண்டு முகமும் சேர்ந்து தெரியும் என்பதால். காரணம் சொல்லாமல் இரண்டு இடத்தில் காட்டினால் போதும்.

ரத்தப் பிரிவைப் பயன்படுத்துவதாக இருந்தால் கவனம். ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ பிள்ளை பிறக்கலாம், அதைக் காட்டி ‘நீ இவர்கள் மகளே இல்லை’ என்று அலறும் காட்சிகள் நிறைய வந்துவிட்டன. உங்களுக்குப் பொருந்துவது இது: அம்மாவின் பழைய ஆபரேஷன் கோப்பில் ஓ, மீனாவுக்கு ஏபி. ஓ பிரிவுத் தாய்க்கு ஏபி குழந்தை பிறப்பது, மிக அபூர்வமான மரபணு விதிவிலக்குகளை விட்டால், இல்லை. அந்த விதிவிலக்கை ஒரு டாக்டர் வாயால் சொல்லவைத்தால் மீனாவுக்கு உடனே உறுதி கிடைக்காமல் சந்தேகம் மட்டும் கிடைக்கும், உங்களுக்கு நாலு அத்தியாயம் நேரமும் கிடைக்கும்.

டிஎன்ஏ பக்கம் போனால் இதைப் பாருங்கள். மீனா அப்பாவின் மகளானாலும் அத்தையின் மகளானாலும் சித்தப்பாவுக்கு அவள் கூடப்பிறந்தவரின் பிள்ளைதான். இருவரிடையே சாதாரணச் சோதனை செய்தால் இரண்டிலும் சுமார் 25 சதவீதம் என்றே வரும், எதுவும் தெரியாது. ஆனால் தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாட்டியிடமிருந்து மூன்று பிள்ளைகளுக்கும், அத்தை வழியாக மீனாவுக்கும் வந்திருக்கும். அம்மா பெற்றிருந்தால் அம்மா வழியுடையது வரும். அதாவது, ‘இவள் என் ரத்தமே இல்லை’ என்று நிரூபிக்கச் சித்தப்பா தன் எச்சிலைக் கொடுத்தால், அந்தச் சோதனை அவள் அவருடைய தங்கை பெண் என்று சொல்லும். ஒரு நிபந்தனை, அம்மா அப்பாவின் அக்கா மகளாக இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் அது சகஜம், அப்படி இருந்தால் இரண்டு வழியும் ஒன்றாகி கணக்கு குழம்பும்.

---

கொடிவீடு:

மங்கை சொன்ன மூன்று முறை உத்தி, மீனா ‘நான்’ என்று சொல்லும் கதையில்தான் முழுதாக எடுபடும். படர்க்கையில் எழுதியிருந்தால் ஆசிரியரே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். ‘அத்தை அழுதாள்’ என்று கதைசொல்லி எழுதிவிட்டால் அது நடந்ததாகத்தான் அர்த்தம். படர்க்கையை விட மனமில்லை என்றால் அந்தக் காட்சிகளை மட்டும் மீனா இன்னொருவரிடம் சொல்வதாக உரையாடலில் வையுங்கள்.

தன்மையில் எழுதினால் ஒரு ஒழுங்கு வேண்டும். கதை சொல்பவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்த எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது. கடிதத்தைப் பிரித்துப் படித்து ‘எனக்குத் தலை சுற்றியது’ என்று அத்தியாயத்தை முடிப்பது மலிவு. அவள் படித்தால் நாமும் படிக்க வேண்டும். பிரிக்கவிடாமல் தடுக்க வேண்டுமானால் தடுங்கள்.

தமிழில் நமக்குக் கிடைத்த வசதி ஒன்று இருக்கிறது. ‘அப்பா அப்போது கோயம்புத்தூர் போயிருந்தார்’ என்பது நேர்ச்செய்தி. ‘போயிருந்தாராம்’ என்றால் யாரோ சொன்னது. பிறப்பதற்கு முந்தைய சங்கதிகளை மீனா எப்போதும் ஆம் போட்டுச் சொல்லட்டும். அந்த ஆம்-களுக்கெல்லாம் மூலம் ஒரே ஆள், பாட்டி, என்பது பாதி நாவலில் அவளுக்கே உறைக்கட்டும்.

பத்திரக்கட்டு முழுக்கக் காகிதத்திலேயே நிற்கிறார், ரகசியம் முதலில் கசிவது உறவுமுறையில்தான். சித்தப்பா மகனுக்கும் மீனாவுக்கும் இடையே பிரச்சினை வராது, ஊர் கண்ணுக்கு அண்ணன் தங்கை முறை என்பதால் கல்யாணப் பேச்சே எழுந்திருக்காது. ஆனால் அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்து, அவள் மகன் மீனாவுக்கு முறைமாப்பிள்ளை என்று பேச்சு எழுந்திருந்தால்? அப்பாவின் மகளாக அவனைக் கட்டலாம். அத்தையின் மகள் என்றால் அவன் பெரியம்மா மகன், அண்ணன் முறை. ஊர் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாத அந்தச் சம்பந்தத்தை 2004-ல் பாட்டி காரணம் சொல்லாமல் உடைத்திருக்கிறாள். ஜாதகம் பொருந்தவில்லை என்றாளாம். மீனா இப்போது அந்தப் பழைய ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு பொருத்தம்.

பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி மாறியிருப்பதை மட்டும் துப்பாக நம்பாதீர்கள். அந்தத் தலைமுறையில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வாத்தியாரே மே, ஜூனில் ஒரு தேதி போட்டுவிடுவது சாதாரணம், வாசகர் கண்டுகொள்ளமாட்டார். உண்மையான தேதி வித்தியாசத்தை ஒளித்துவைக்க வேண்டுமானால் அதைவிட நல்ல இடமும் இல்லை.

---

பாதிநாவல்:

எல்லோருக்கும் நன்றி. வெளிப்படுத்துவதை 12-க்குக் கொண்டுவருகிறேன், அத்தையின் மௌனத்துக்குச் சொத்துக் காரணம். இடம் மாறிய சான்றிதழும் முறைமாப்பிள்ளையும் கட்டாயம் வரும். அப்பாவுக்கு ஒரு அக்காவைச் சேர்க்கிறேன். டைரிக்குப் பதில் உயில் வைக்கலாமா? ஆனால் உயில் இருந்தால் சித்தப்பாவின் பிடி முதலிலேயே போய்விடுமே. அக்காவைச் சேர்த்தால் பங்குக் கணக்கு மாறுமா?

---

பத்திரக்கட்டு:

அக்கா உயிரோடு இருந்தால் பாதி பாதி என்பது மூன்றில் ஒன்றாகும். சிக்கலே வேண்டாம் என்றால் அக்காவை அப்பாவுக்கு முன்பே இறந்தவளாக்குங்கள்.

உயில் இருப்பது யாருக்கும் தெரியாதவரை பிடி போகாது. பதிவு செய்யாத உயில் பீரோவில் கிடைப்பது டைரிக்குத் தம்பி, அதை விடுங்கள். பதிவுச் சட்டத்தில் அதிகம் யாரும் பயன்படுத்தாத வழி ஒன்று இருக்கிறது. உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து, மேலே தன் பெயரும் உள்ளே இருப்பது என்ன ஆவணம் என்பதும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். சார்பதிவாளரிடம் அல்ல. அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 5-ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் உறையின் மேலெழுத்தை அப்படியே படியெடுத்து, வாங்கிய தேதியும் நேரமும் குறித்து, உறையைப் பெட்டகத்தில் வைத்துவிடுவார். வில்லங்கச் சான்றில் இது வராது, அதில் வருபவை அசையாச் சொத்துப் பத்திரங்கள். சித்தப்பா எத்தனை தடவை வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் கண்ணில் படாது.

எழுதியவர் இறந்தபின் விண்ணப்பம் கொடுத்தால், இறப்பு உறுதியானதும் பதிவாளர் விண்ணப்பதாரர் முன்னிலையில் உறையைப் பிரித்து, அவர் செலவில் 3-ஆம் புத்தகத்தில் நகலெடுப்பார். மூல உயில் திரும்பப் பெட்டகத்துக்கே போகும், மீனா கையில் கிடைக்காது. கிழிப்பது, எரிப்பது மாதிரி காட்சிகளுக்கு வழியில்லை.

உயில் மீனாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால், அவள் மகளா தங்கை மகளா என்பதால் சொத்து மாறாது. அதனால் உறை பிரிந்த பிறகுதான் அத்தை பேச முடியும். 27-ல் உறை, 28-ல் அத்தை தானாகவே பேசுகிறாள். அப்பா ‘என் மகள்’ என்று எழுதியிருக்கிறாரா, வெறும் ‘மீனா’ என்றா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

உயில் இருப்பது எப்படித் தெரியவரும்? ஒப்படைக்க வந்தவர் இன்னார்தான் என்று அடையாளம் சொன்னவர்கள் பெயரையும் 5-ஆம் புத்தகத்தில் எழுதுவார்கள். அப்பாவோடு அன்றைக்குப் போனவர் கடைக் கணக்கப்பிள்ளையாக இருக்கட்டும். மறைதுணையின் கட்டத்தில் அவருக்கு ‘உறை இருப்பது தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். உயிலில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் வேறு ஆட்களாக இருப்பது நல்லது. அவர்களில் ஒருவர் உடுமலைப்பேட்டைக்காரர் என்றால் அந்தப் பஸ் டிக்கெட்டுக்கும் வேலை வந்துவிடும்.